பத்து மூட்டை யூரியா கானில் ஓடாமல்: திருகோணமலையில் புதிதாகப் பால்மாடு வளர்ப்பவர்களுக்கு

350, 400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாடு ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 20 கிலோ சாணி போடும், 10 லீற்றர் மூத்திரம் பெய்யும். நான்கு மாடு நிற்கிற கொட்டிலில் அது 80 கிலோவும் 40 லீற்றரும். சாணியில் நூற்றுக்கு 0.4, மூத்திரத்தில் நூற்றுக்கு 0.85 நைதரசன் என்று கணக்குப் போட்டால் நாளுக்கு 660 கிராம், வருடத்துக்கு 240 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே 50 கிலோ மூட்டையில் பத்து மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவின் சத்து வருடாவருடம் கொட்டிலின் பின்பக்கத்தால் வெளியே போகிறது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து வயல்காரர் எருவுக்கு அலைந்ததைப் பார்த்த பிறகும் இதை ஹோஸ் பிடித்துக் கானில் கழுவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாடு தின்னும் நைதரசனில் பாலோடு போவது ஐந்தில் ஒரு பங்கு, நல்ல தீவனமும் நல்ல மாடும் என்றால் நாலில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் சாணியும் மூத்திரமும்தான். பொசுபரசு கிட்டத்தட்ட முழுவதும் சாணியில் இருக்கிறது. பொட்டாசியமும், சீக்கிரம் கரைந்து ஓடக்கூடிய நைதரசனும் மூத்திரத்தில். இந்தப் பிரிவினையை மனதில் வைத்திருங்கள். கீழே வரும் பாதி வேலை இதை வைத்துத்தான்.

எங்கே போய்ச் சேருகிறது என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி தொடங்கிக் கிண்ணியா, மூதூர் கரை வரை பெரும்பாலும் மணல். அங்கே கழிவு மேலால் ஓடுவதில்லை, நேரே கீழே இறங்கும். மூத்திரத்து நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, சில அடி ஆழத்தில் இருக்கிற கிணற்று நீருக்குப் போய்விடும். கந்தளாய், தம்பலகாமம், மொறவெவப் பக்கத்துச் செம்மண்ணிலும் வயற்களியிலும் கதை வேறு. மாரி மழை சாணியை மேலால் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகும். அதோடு போகிற பொசுபரசுதான் குளத்து நீரைப் பச்சையாக்குவது, சல்வீனியாவையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைப்பது. கடைசியில் இந்த வாய்க்கால்கள் தம்பலகாமம் குடா, கொட்டியாரக் குடா போன்ற குடாக்களுக்கோ நேரே கடலுக்கோதான் இறங்குகின்றன. கடல்நீரில் பாசியைத் தூண்டுவது பெரும்பாலும் நைதரசன். கடற்புல்லும் முருகைக்கல்லும் பாசி மூடினால் வெளிச்சமில்லாமல் சாகும்.

ஆகவே மணலில் கொட்டில் வைத்திருப்பவர் முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும், கரையை விட்டு உள்ளே வைத்திருப்பவர் முதலில் வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

மழையில் ஒரு சுற்று

எதையும் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. நல்ல மழை பெய்யும்போது குடையோடு வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதைத் தொட்டுக்கொண்டு எங்கே போகிறது என்று பாருங்கள். வெயிலில் பார்த்தால் வளவு மட்டமாகத்தான் தெரியும். மழையில்தான் கூரைத் தண்ணீர் எருக்கும்பியின் அடியால் ஓடுவதும், பக்கத்து வளவு வெள்ளம் கொட்டிலுக்குள் புகுவதும் தெரியவரும். ஒரு தாளில் படம் கீறி, கிணறு, கும்பி, கான், வாய்க்கால் இவற்றின் தூரத்தை அடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

எருக்கும்பியும் கழிவுத் தொட்டியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். மணலில் 30 மீற்றரும் போதும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. இடம் இருந்தால் 50 மீற்றர் விடுங்கள். பக்கத்து வளவுக்காரரின் கிணற்றையும் இதே கணக்கில் அளக்க வேண்டும். வேலி தாண்டினால் தண்ணீருக்கு வேறு சட்டம் இல்லை.

கூரைத் தண்ணீரைப் பிரித்தல்

மலிவாகச் செய்யக்கூடியது, பலன் அதிகம் தருவது இதுதான். ஆனால் பலர் கடைசியாகத்தான் செய்கிறார்கள். 6 மீற்றருக்கு 4 மீற்றர் கூரை என்றால் 24 சதுர மீற்றர். கார்த்திகை, மார்கழியை ஒட்டிய இரண்டு மாதத்திலும் சேர்த்து 600 மில்லிமீற்றர் மழை இங்கே புதிதல்ல. அந்த மழையில் அந்தக் கூரையிலிருந்து 14,400 லீற்றர் தண்ணீர் விழும். அதே இரண்டு மாதத்தில் சிக்கனமாகக் கழுவினால் கழுவுநீர் 3,600 லீற்றர்தான் வரும். பீலி போடாத கொட்டிலில் உங்கள் கழிவுத் தொட்டியை நிரப்புவது மாடு அல்ல, கூரை.

5 அங்குல பீ.வீ.சீ. பீலி போதும். 2 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு கொடுத்து, 3 அங்குலக் குழாயால் இறக்கி, கொட்டிலின் அழுக்குத் தண்ணீரைத் தொடாமல் தனிக்கானில் விடுங்கள். தொட்டி ஒன்றில் பிடித்தால் மாட்டுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். வேப்பிலையும் காகக்கூடும் பீலியை அடைக்கும். புரட்டாசியில் ஒருமுறை ஏறித் துப்புரவாக்காவிட்டால் முதல் மழையிலேயே வழிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். கிடுகுக் கூரைக்குப் பீலி சரியாக நிற்காது. அதற்குத் தாழ்வாரத்துக்கு நேர்கீழே ஒரு சாண் ஆழத்தில் கல் பரப்பிய கான் வெட்டுங்கள்.

மேட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளம் வரும் வளவானால், கொட்டிலுக்கு மேலே 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டில் பக்கமாக வரம்பு போட்டு, வெள்ளத்தைச் சுற்றி அனுப்புங்கள்.

வழித்து எடுத்த பிறகுதான் தண்ணீர்

காலையில் மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பால் சாணியை அடித்துத் தள்ளினால் கால் மணி நேரத்தில் 300 லீற்றருக்கு மேல் போகும். வேலை சுகம். ஆனால் 80 கிலோ கெட்டிச் சாணி இப்போது 400 லீற்றர் கரைசலாகிவிட்டது. கெட்டிச் சாணியைச் சவளால் தூக்கிக் கும்பியில் போடலாம், காயவைக்கலாம், விற்கலாம். கரைசலை ஒன்றும் செய்ய முடியாது. அது ஓடும், அவ்வளவுதான். சத்து வெளியே போவதைக் குறைக்கிற வேலையில் பாதி, சாணியையும் தண்ணீரையும் சேரவிடாமல் வைத்திருப்பது.

முறை இப்படி. பால் கறக்க முன்னும் பின்னேரமும் சதுர வாய்ச் சவளால் சாணியை அள்ளித் தள்ளுவண்டியில் போடுங்கள். தரையில் ஒட்டியிருப்பதை இறப்பர்த் துண்டு பொருத்திய பலகையால் வழியுங்கள். பழைய மோட்டார் சைக்கிள் ரயரை 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டிப் பலகையில் அறைந்தால் நல்ல வழிப்பான் கிடைக்கும். அதன் பிறகு மாட்டுக்கு ஒன்றரை வாளி கணக்கில் தண்ணீர் ஊற்றித் தென்னந்தும்புத் தும்புத்தடியால் தேய்த்தால் போதும். நான்கு மாட்டுக்கு 60 லீற்றர்.

மூத்திரத்தைத் தரையில் தேங்கவிடக்கூடாது. சாணியில் இருக்கிற நொதியம் மூத்திரத்து யூரியாவைச் சில மணி நேரத்தில் அமோனியாவாக்கிவிடும். காலையில் கொட்டிலுக்குள் போனவுடன் கண் கரித்தால், இரவு முழுக்க உங்கள் உரம் காற்றில் போயிருக்கிறது என்று அர்த்தம். கொங்கிரீட் தரை 10 சென்ரிமீற்றர் கனத்தில், மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவோடு இருக்க வேண்டும். அதைவிடச் சரிந்தால் மாடு வழுக்கும், குறைந்தால் மூத்திரம் தேங்கும். மேற்பரப்பைக் கண்ணாடி போல இழைக்காமல், ஈரமாக இருக்கும்போது தும்புத்தடியால் குறுக்கே இழுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். பின்னால் ஓடும் கான் சவள் நுழையும் அகலத்தில், 25 சென்ரிமீற்றர், ஆழம் ஆரம்பத்தில் 6 சென்ரிமீற்றர். ஆழமான ஒடுங்கிய கான் அழகாகத் தெரியும், ஆனால் வழிக்க முடியாது, மாட்டின் காலும் அகப்படும்.

கான் போய்த் தொட்டியில் விழுகிற இடத்தில் 60 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு மண்பிடி குழி கட்டி, வெளியேறும் வாயில் 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் கம்பி நிறுத்துங்கள். மாட்டின் குளம்போடு வரும் மணலும் தின்று மிச்சம்விட்ட புல்லும் அங்கே தங்கும். கிழமைக்கு ஒருமுறை அள்ள வேண்டும். இது இல்லாத தொட்டி இரண்டு வருடத்தில் பாதி மணலாகிவிடும், பிறகு ஆள்விட்டு வெட்டத்தான் வேண்டும்.

மூத்திரத் தொட்டி

40 லீற்றர் மூத்திரம், 60 லீற்றர் கழுவுநீர். நாளைக்கு 100 லீற்றர். கடும் மாரியில் இரண்டு மாதத்துக்குத் தோட்டத்தில் ஊற்ற முடியாது என்று வைத்துக்கொண்டால் 6,000 லீற்றர் பிடிக்கிற தொட்டி வேண்டும். கரையை விட்டு உள்ளே, நீர்மட்டம் தாழ்ந்த மேட்டு நிலத்தில், 2.5 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் ஆழம் கட்டி மேலே 30 சென்ரிமீற்றர் வெறுமையாக விடலாம்.

கரையோர மணலில் அப்படி ஆழமாகக் கட்டாதீர்கள். கார்த்திகையில் நீர்மட்டம் தரையிலிருந்து ஓரிரு அடிக்குள் ஏறிவிடும். தொட்டியின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே இருந்தால், ஒவ்வொரு சதுர மீற்றர் அடித்தளத்தையும் ஒரு தொன் விசை கீழிருந்து மேலே தள்ளும். 10 சென்ரிமீற்றர் கொங்கிரீட்டின் எடை சதுர மீற்றருக்கு 240 கிலோதான். தொட்டி வெறுமையாக இருந்தால் அடி வெடித்துக் கிணற்றுநீர் உள்ளே வரும். நீர்மட்டம் இறங்கியதும் அதே வெடிப்பால் மூத்திரம் வெளியே போகும். அங்கே அகலமாக, ஆழம் குறைவாகக் கட்டுவதே சரி: 3 மீற்றருக்கு 3 மீற்றர், உயரம் 1 மீற்றர். தரைக்குக் கீழே 40 சென்ரிமீற்றர், மேலே 60. மேல் 30 சென்ரிமீற்றரை விட்டால் 6,300 லீற்றர் பிடிக்கும். அதற்குள் கான் தானாக விழ வேண்டுமானால் கொட்டில் தரையும் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். வெள்ளம் வரும் இடத்தில் அது எப்படியும் தேவைதான்.

இந்த 9 சதுர மீற்றர் தொட்டிக்கு மேலே கூரை இல்லாவிட்டால் 600 மில்லிமீற்றர் மழை மட்டுமே 5,400 லீற்றரை உள்ளே ஊற்றும். அதாவது, மாரிக்கென்று கட்டிய இடத்தை மழையே பிடித்துவிடும். நாலு தகரம் வாங்கிப் போடுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் கம்பி வலையும் வேண்டும்.

6 அங்குலச் சீமெந்துக் கல், உட்பக்கம் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலவையில் பூச்சு, அடியில் கம்பி வலை வைத்த கொங்கிரீட். கட்டி முடிந்து பாவிக்க முன் ஒழுக்குப் பார்க்க வேண்டும். தொட்டியை நீரால் நிரப்பி, நீர் நிற்கும் இடத்தில் கரியால் ஒரு கோடு. பக்கத்தில், அதே நிழலில், வாயகன்ற வாளி ஒன்றை நிரப்பி அதிலும் ஒரு கோடு. ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. தொட்டியில் கூட இறங்கியிருந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. பெரும்பாலும் சுவரும் அடியும் சந்திக்கிற மூலையில்தான்.

கிணற்று வளையத்தை அடிப்பூச்சு இல்லாமல் இறக்கி, "தானாக ஊறிப் போகும், நிரம்பவே நிரம்பாது" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நிரம்பாத தொட்டிதான் மோசமான தொட்டி. அது கிணற்றுக்குப் போட்ட குழாய்.

எந்த மூடிய தொட்டியிலும் இறங்காதீர்கள். பல நாள் தேங்கிய கழிவைக் கலக்கும்போது ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு கிளம்பும். கூழ்முட்டை மணம் முதலில் தெரியும், அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவது இதனால்தான். கலக்குவதானால் மூடியை முழுக்கத் திறந்து, வெளியே நின்று, நீளத் தடியால் கலக்குங்கள்.

சாணிக் கும்பி

80 கிலோ சாணிக்கு 10 முதல் 15 கிலோ வைக்கோல். சாணியில் நைதரசன் அதிகம், வைக்கோலில் கரி (காபன்) அதிகம். இந்த அளவில் கலந்தால் கரிக்கும் நைதரசனுக்கும் இடையிலான விகிதம் 25க்கும் 30க்கும் நடுவில் வந்து நிற்கும். வைக்கோல் போதாவிட்டால் மிஞ்சிய நைதரசன் அமோனியாவாகப் பறக்கும், கும்பி நாறும், ஈ மொய்க்கும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அறுவடை முடிந்து வயலில் கொளுத்துகிற வைக்கோல் இதற்குத்தான் உதவ வேண்டியது.

தரையைக் களி போட்டு இடித்து அல்லது சீமெந்து போட்டு, சுற்றி ஒரு சாண் உயர வரம்பு கட்டி, ஊறிவரும் நீர் தொட்டிக்குப் போக வழிவிடுங்கள். 2 மீற்றருக்கு 2.5 மீற்றரில் மூன்று அறை. ஒன்று நிரம்புகிறது, ஒன்று வேகிறது, ஒன்று எடுக்கத் தயார். உயரம் 1.2 மீற்றர் வந்தால் போதும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். தண்ணீர் வடிந்தால் வைக்கோல் கூட்டுங்கள், பொடியாக உதிர்ந்தால் தொட்டி மூத்திரத்தைத் தெளியுங்கள். உள்ளே கைவைக்க முடியாத சூடு வந்தால் நன்றாக வேகிறது. மேலே தறப்பாள் அல்லது கிடுகு. மூடாத கும்பியிலிருந்து கறுப்புத் தேநீர் போல வடிவதைக் கார்த்திகையில் பார்க்கலாம். அந்தக் கறுப்பில்தான் பொட்டாசியமும் கரைந்த நைதரசனும் இருக்கின்றன.

சாணியிலிருந்து அடுப்பு வாயு எடுக்கிற உயிர்வாயுத் தொட்டி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 25 கிலோ சாணியில் ஏறக்குறைய ஒரு கன மீற்றர் வாயு வரும். அடுப்புக்கு நல்லது, விறகு மிச்சம். ஆனால் அது எடுத்துக்கொள்வது கரியை மட்டும். நைதரசனும் பொசுபரசும் ஏறக்குறைய முழுவதும் மறுபக்கத்தால் வெளியே வரும், அதுவும் சாணியோடு சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு மடங்கு கனவளவில். வெளிவரும் கரைசலுக்கு நிலம் இல்லாதவர் உயிர்வாயுத் தொட்டி கட்டினால் பிரச்சினை பெருகும்.

நிலம் எவ்வளவு தின்னும்

தொட்டியில் இருக்கும்போதே கொஞ்சம் அமோனியாவாகப் போனபிறகு, கழுவுநீர் கலந்த மூத்திரத்தில் லீற்றருக்கு 2 கிராம் அளவில் நைதரசன் மிஞ்சும். தண்ணீர் வசதியுள்ள சீ.ஓ.-3 தீவனப் புல் ஒரு வெட்டில் சதுர மீற்றருக்கு 8 கிராம் அளவில் எடுக்கும். ஆகவே வெட்டி முடிந்து மூன்று, நாலு நாளில், துளிர் வரும்போது, சதுர மீற்றருக்கு 4 லீற்றர். 10 லீற்றர் வாளியால் என்றால் இரண்டரை சதுர மீற்றருக்கு ஒரு வாளி. 45 நாளுக்கு ஒரு வெட்டு, 45 நாளில் சேர்வது 4,500 லீற்றர். கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான புல் இருந்தால் நான்கு மாட்டின் மூத்திரம் முழுவதும் முடிந்துவிடும்.

மணலில் இந்த 4 லீற்றரை ஒரேயடியாக ஊற்றாமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பிரியுங்கள். மணல் பிடித்து வைக்காது, வேருக்குக் கீழே போனது போனதுதான். பின்னேரம் ஊற்றினால் வெயிலில் பறப்பது குறையும். கச்சான் காற்று வீசுகிற நடுப்பகலில் ஊற்றுவது பாதியைக் காற்றுக்குக் கொடுப்பது. உப்பு ஏறிய நிலத்திலும் இளங்கன்றுக்கும் சம அளவு தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இலை கருகும்.

மக்கிய சாணி வருடத்துக்கு 10 முதல் 12 தொன் வரும். வயலுக்கு ஏக்கருக்கு 4 தொன் என்று போட்டால் மூன்று ஏக்கர் வேண்டும். அவ்வளவு நிலம் இல்லாதவர் வெங்காயச் செய்கைக்காரருக்கோ வயல்காரருக்கோ மூட்டையாகக் கொடுங்கள். செய்யக்கூடாத ஒன்று, வீட்டோரத்துக் கால் ஏக்கரிலேயே வருடாவருடம் எல்லாவற்றையும் கொட்டுவது. பயிர் நைதரசனை எடுத்தாலும் பொசுபரசு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். நாலைந்து வருடத்தில் அந்த நிலம் கழுவப்படும் ஒவ்வொரு மழையிலும் வாய்க்காலுக்குப் பொசுபரசு அனுப்பும். விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனைக்கு வழி கேட்டுப் பொசுபரசு அளவைப் பாருங்கள். கூடியிருந்தால் அந்தத் துண்டுக்கு இரண்டு வருடம் எரு வேண்டாம்.

எங்கே போடக்கூடாது: வாய்க்கால் கரையிலிருந்து 10 மீற்றருக்குள், கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குள். எப்போது போடக்கூடாது: இரண்டு நாளுக்குள் மழை என்று அறிவித்திருந்தால், கால் வைத்தால் தண்ணீர் ஊறுகிற நிலத்தில், ஐப்பசி நடுவிலிருந்து மழை ஓயும் வரை. பெரும்போகத்துக்கான எரு, உழவோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும். வரம்பில் குவித்து வைத்துவிட்டு விதைப்புக்குக் காத்திருந்தால் மழை முந்திவிடும்.

வாய்க்கால் கரையோரம் 5 மீற்றர் அகலத்தில் வெட்டிவேரோ புல்லோ நெருக்கமாக நட்டுவிட்டால், மேலால் வரும் சாணித்துணுக்கும் அதோடு ஒட்டிய பொசுபரசும் தங்கும். களிநிலத்தில் நல்ல பலன். மணலில் கரைந்து கீழே போகும் நைத்திரேற்றை அது அவ்வளவாகத் தடுக்காது.

பட்டிமாடு வைத்திருப்பவர்களுக்கு

தரவையில் மேய்த்து இரவில் பட்டியில் அடைக்கிற மாட்டுக்குத் தொட்டியும் கானும் பொருந்தாது. அங்கே பிரச்சினை ஒரே இடத்தில் குவிவது. 250 கிலோ நாட்டு மாடு ஒன்று இரவில் மட்டும் 50 கிராம் நைதரசன் அளவில் கழிக்கும். மாட்டுக்கு 5 சதுர மீற்றர் என்று அடைத்தால் ஒரு இரவில் ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் விழுகிறது. நெல்லுக்கு ஒரு போகம் முழுக்கக் கொடுக்கிற அளவு அது. பாதி காற்றில் போனாலும் இரண்டு இரவில் நிலத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். வருடம் முழுக்கக் குளக்கட்டோரம் ஒரே இடத்தில் பட்டி வைத்தால் என்ன சேரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வயலில் பட்டி கட்டுகிற பழைய வழக்கத்தைக் கணக்கோடு செய்தால் போதும்: இரண்டு இரவுக்கு ஒருமுறை பட்டியை நகர்த்துங்கள். பட்டிக்கும் குளத்து நீர்விளிம்புக்கும் இடையில் 50 மீற்றராவது புல்தரை இருக்கட்டும். மாடு குளத்துக்குள் இறங்கி நின்று குடிக்கும்போது நேரே தண்ணீருக்குள் கழிக்கும். கரையில் போதிய அளவு தொட்டி வைத்து நீர் இறைத்தால் மாடு தொட்டிக்குத்தான் முதலில் வரும். எருமைக்கு இது செல்லாது, அது உழப்ப வேண்டும். அதற்குக் குளத்தோடு தொடுப்பில்லாத தனிப் பள்ளம் ஒன்றை விட்டுவிடுங்கள்.

தீவனமும் பாலும், சுருக்கமாக

தேவைக்கு மேல் புரதம் கொடுத்தால் மாடு அதை மூத்திரத்தில் விட்டுவிடும். சீமைக்கிளுவை இலையில் புரதம் தேங்காய்ப் புண்ணாக்கைவிடக் கொஞ்சம் கூடுதல். இலை தாராளமாகக் கொடுக்கும் நாளில் புண்ணாக்கைக் குறையுங்கள். வைக்கோலுக்கு யூரியா தெளிப்பவர் 100 கிலோவுக்கு 4 கிலோவைத் தாண்டக்கூடாது, மூடி வைத்த இடத்திலிருந்து வடிவதையும் கானில் விடக்கூடாது. பொசுபரசு உள்ள தாதுக்கலவை பையில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் கொடுத்தால் நேரே சாணிக்குத்தான் போகும்.

பழுதான பாலைக் கானில் ஊற்றாதீர்கள். ஒரு லீற்றர் பால் தண்ணீரில் தின்கிற ஒட்சிசன், நூற்றுக்கணக்கான லீற்றர் வீட்டுக் கழிவுநீர் தின்பதற்குச் சமம். பால் கலனை முதலில் ஒரு லீற்றர் தண்ணீரால் அலசி அந்த அலசலை மாட்டுக்குக் குடிக்கக் கொடுங்கள். மருந்து போட்ட மாட்டின் பால் என்றால் கும்பியின் நடுவில் ஊற்றி வைக்கோலால் மூடுங்கள்.

கிணற்றைப் பார்ப்பது

கானோரத்துப் புல் ஒரு பட்டையாகக் கரும்பச்சையாகச் செழித்து நின்றால், அங்கே சத்து கசிகிறது. வாய்க்காலில் பாசிநூல் தொங்கினாலோ, தேங்கிய நீரில் நீர்ப்பாசி மூடினாலோ அதுவும் அடையாளம். கிணற்றுக்கு அடையாளம் இல்லை. நைத்திரேற்றுக்கு நிறமும் மணமும் சுவையும் கிடையாது. கிணற்று நீரைப் புரட்டாசியில் ஒருமுறையும் மழை முடிந்து தையில் ஒருமுறையும் ஆய்வுகூடத்தில் பாருங்கள். எங்கே கொடுப்பதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டினால் அந்த நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இரத்தம் ஒட்சிசன் சுமப்பது குறைந்து உடல் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறியும்.

தையில் அளவு ஏறிப் புரட்டாசியில் இறங்கினால், மழையோடு மேலிருந்து இறங்குகிறது என்று கொள்ளலாம்: கும்பி, ஊற்றிய நிலம், பட்டி இவற்றைப் பாருங்கள். வருடம் முழுக்க ஒரே உயரத்தில் நின்றால் தொட்டி ஒழுக்கைத் தேடுங்கள். பக்கத்து வீட்டு மலகூடக் குழியாகவும் இருக்கலாம், எல்லாப் பழியையும் மாட்டின் தலையில் போட வேண்டாம்.

அடைமழையில் தொட்டி நிரம்பினால்

எவ்வளவு கணக்காகக் கட்டினாலும் சில வருடம் நிரம்பும். அப்போது இரவோடிரவாகக் கானுக்கு வாய் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு.

கழுவுவதை அன்றே நிறுத்துங்கள். சாணியை வழித்து எடுத்தால் போதும், மடியை மட்டும் துணியால் துடைத்துக் கறக்கலாம். அதோடு நாளைக்கு 100 லீற்றர் வந்தது 40 ஆகிவிடும். மாட்டின் பின்பக்கத்தில் மாட்டுக்கு 5 கிலோ கணக்கில் காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். வைக்கோல் தன் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு நீரைக் குடிக்கும். 20 கிலோ வைக்கோலில் நான்கு மாட்டின் அன்றைய மூத்திரம் அடங்கிவிடும். நனைந்ததை அள்ளித் தறப்பாளுக்கடியில் கும்பியில் போடுங்கள், வைக்கோலும் மூத்திரமும் சேர்ந்தது நல்ல எருவாகும். அப்படியும் தொட்டி விளிம்பைத் தொட்டால், மழை விட்ட ஒரு நாளில், வளவில் இருக்கிற மிக உயர்ந்த புல்தரையில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாக, சதுர மீற்றருக்கு ஒரு லீற்றருக்கு மேற்படாமல் பரவலாகத் தெளியுங்கள். ஓர் அடி இறங்கினால் போதும், முழுவதையும் காலியாக்க வேண்டாம். கரையோரத்தில் அந்த நேரம் வெறுந்தொட்டி ஆபத்து.

ஒரு மாத அடைமழைக்கு 600 கிலோ வைக்கோல் வேண்டும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிகிறபோதே வாங்கி, தரையில் கட்டை போட்டு, நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். கார்த்திகையில் தேடினால் கிடைப்பது நனைந்த வைக்கோல்தான், அது ஒரு சொட்டும் குடிக்காது.